'ஹேவ் டன்' சொல்வதா, 'ஹேவ் பீன் டூயிங்' சொல்வதா?

இந்த நிறுவனத்தில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். பதில் தெரியும், மூன்று வருடம். ஆனால் 'ஐ ஹேவ் ஒர்க்ட்' என்று தொடங்குவதா, 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று தொடங்குவதா என்று நாக்கு தடுமாறுகிறது. கடைசியில் இரண்டும் இல்லாமல் 'ஐ ஆம் ஒர்க்கிங்' என்று வந்து விழுகிறது.

பள்ளியில் இவற்றை ப்ரசன்ட் பெர்ஃபெக்ட், ப்ரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று படித்திருப்போம். முதலாவது முடிந்துபோன செயல், இரண்டாவது இன்னும் நடக்கிற செயல் என்று ஒரு வரியில் எழுதிப் போட்டிருப்பார்கள். தேர்வுக்கு அது போதும், பேச்சுக்குப் போதாது. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஆல் மை லைஃப்' என்பவர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். அது எங்கே முடிந்தது? மூச்சு வாங்கிக்கொண்டு 'ஐ ஹேவ் பீன் ரன்னிங்' என்பவர் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறார். அது எங்கே நடக்கிறது?

முடிந்ததா, முடியவில்லையா என்பதைவிட, கேட்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதே இங்கே தீர்மானிக்கிறது. செய்ததால் கைக்கு வந்த பலனையா, செய்வதற்குப் பட்ட பாட்டையா? பலன் என்றால் 'ஹேவ் டன்'. பாடு என்றால் 'ஹேவ் பீன் டூயிங்'. இந்தக் கட்டுரை முழுக்க இரண்டையும் இப்படியே அழைக்கிறேன், இலக்கணப் பெயர்கள் நீளமாக இருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும். எல்லாவற்றையும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்கத் தேவையில்லை. பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

1. எண்ணிக்கை சொல்கிறோமா, கால அளவு சொல்கிறோமா?
2. வேலை முடிந்ததா என்பது கேட்பவருக்கு முக்கியமா?
3. வினைச்சொல் எப்படிப்பட்டது? ஒரு நிலையைச் சொல்வதா, கண நேரத்தில் முடிவதா, நீடிக்கக்கூடியதா?
4. நிலையான ஏற்பாடா, தற்காலிகமா?
5. கேட்பவர் காதில் என்ன தொனியில் விழும்?

ஐந்தாவதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் அலுவலக மெயிலில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான்.

## முதலில் 'ஐ ஆம் ஒர்க்கிங்' விஷயம்

'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பது நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன் என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம் என்பதால் ஆங்கிலத்திலும் கை அங்கேயே போகிறது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுத் தேர்விலோ இது உடனே பிழையாகத் தெரியும். அந்தப் பேச்சுத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று. நான்குக்கும் சம எடை. கடந்த காலத்தில் தொடங்கி இன்றுவரை வந்திருக்கும் ஒன்றுக்குக் கால அளவு சொன்னால் 'ஹேவ்' வந்தே ஆக வேண்டும்.

அதாவது, கீழே பார்க்கும் இரண்டில் தவறானதை எடுத்தால்கூடப் பல நேரம் பெரிய சேதம் இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு 'ஆம்' பக்கம் போவதுதான் அதிகம் உறுத்தும்.

## 'ஹேவ் டன்': பலனைக் காட்டுவது

எங்கே கைகொடுக்கும்? எத்தனை, எவ்வளவு என்ற கேள்விக்கு இதுதான் பதில். 'ஐ ஹேவ் ரிட்டன் ஃபைவ் மெயில்ஸ்'. இங்கே ஐந்து என்ற எண் வந்ததுமே 'பீன் ரைட்டிங்' சொல்ல முடியாது. வாழ்க்கையில் எப்போதாவது செய்ததுண்டா என்ற அனுபவக் கேள்விக்கும் இதுவே: 'ஹேவ் யூ எவர் ஈட்டன் சுஷி?' எவர், நெவர், ஆல்ரெடி, யெட் போன்ற சொற்கள் வந்தால் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

நிலையைச் சொல்லும் வினைகளும் இதன் சொத்து. தெரியும், பிடிக்கும், நம்புகிறேன், சொந்தமாக இருக்கிறது போன்றவை. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதுதான் சரி. பத்து வருடமும் விடாமல் பழகினாலும் 'பீன் நோயிங்' கிடையாது. காரை ஐந்து வருடமாக வைத்திருந்தால் 'ஐ ஹேவ் ஹேட் திஸ் கார் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'ஹேவ் ஹேட்' என்று இரண்டு முறை வருவது தவறோ என்று பயந்து மாற்றிவிடாதீர்கள், அது சரியான ஆங்கிலம்தான்.

நிலைத்து நிற்பதற்கும் இதுதான் பொருத்தம். லண்டன் பிக் பென் கோபுரத்தைப் பற்றி 'தி டவர் ஹேஸ் ஸ்டுட் தேர் சின்ஸ் 1859' என்பார்கள். அதே கோபுரத்தின் கீழே நண்பருக்காகக் கால் கடுக்க நிற்பவர் 'ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் ஹியர் ஃபார் ஆஃப் அன் அவர்' என்பார். வினை ஒன்றுதான். கோபுரம் நகரப்போவதில்லை, மனிதர் நகரக் காத்திருக்கிறார்.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது, மூன்றாம் வடிவத்தை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ரைட், ரோட், ரிட்டன்; பிகின், பிகேன், பிகன். இது தடுமாறுகிறவர்கள் ஐஎன்ஜி சேர்த்தால் போதுமே என்று 'பீன் டூயிங்' பக்கம் ஓடிவிடுகிறார்கள். அங்கே எண்ணிக்கை சொல்ல முடியாது என்பது அப்புறம்தான் தெரிகிறது.

இரண்டாவது செலவு பெரியது. 'ஐ ஹேவ் ஒர்க்ட் இன் துபாய் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் என்ன பொருள்? இப்போதும் துபாயில் இருக்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். வாழ்க்கையில் எப்போதோ மூன்று வருடம் அங்கே இருந்தேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் உங்கள் பயோடேட்டாவைப் புரட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 'ஃபார்' இருக்கும் இடத்தில் 'சின்ஸ்' போட்டு வருடத்தைச் சொன்னால் இந்தக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, 'முடித்துவிட்டேன்' என்ற வாக்குறுதி இதற்குள் ஒளிந்திருக்கும். 'ஐ ஹேவ் ரெட் யுவர் ரிப்போர்ட்' என்றால் முழுவதும் படித்தாயிற்று என்று பொருள். பாதியில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

யாருக்கு இது பொருத்தம்? சாதனையைப் பட்டியலிடுபவருக்கு, அறிக்கை தருபவருக்கு, எத்தனை என்று கேட்கப்பட்டவருக்கு.

## 'ஹேவ் பீன் டூயிங்': பாட்டைக் காட்டுவது

எங்கே கைகொடுக்கும்? எவ்வளவு நேரமாக, எத்தனை நாளாக என்ற கேள்விக்கு இயல்பான பதில் இது. 'ஐ ஹேவ் பீன் ரைட்டிங் மெயில்ஸ் ஆல் மார்னிங்'. எத்தனை மெயில் என்பது இங்கே யாருக்கும் தேவையில்லை. காலைப்பொழுது போய்விட்டது என்பதுதான் செய்தி.

இரண்டாவது பயன், கண்ணெதிரே தெரியும் தடயத்துக்குக் காரணம் சொல்வது. கண் கலங்கியிருக்கிறது, ஏன்? 'ஐ ஹேவ் பீன் சாப்பிங் ஆனியன்ஸ்'. வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்தாயிற்றா, இன்னும் நான்கு மிச்சமா என்பது பேச்சிலேயே இல்லை. சட்டையில் பெயின்ட், கையில் கிரீஸ், நனைந்த தலை எல்லாவற்றுக்கும் இந்த வடிவம்தான். தமிழர்கள் அதிகம் தவறவிடும் இடமும் இதுதான் என்பது என் எண்ணம். 'ஐ வாஸ் சாப்பிங்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது பிழை இல்லை. ஆனால் அது பழைய கதையைச் சொல்கிறது, கண்ணீருக்கும் அதற்கும் உள்ள தொடர்பைச் சொல்வதில்லை.

கால அளவு சொல்லும் இடங்களில் ஒரு தமிழ்க் குறுக்குவழி உண்டு. செய்தித்தாள் தமிழில் 'பணிபுரிந்து வருகிறார்', 'ஆய்வு நடத்தி வருகிறார்கள்' என்று எழுதுகிறோமே, அந்த 'வருகிறார்' ஒட்டுமானால் 'ஹேஸ் பீன் டூயிங்' பெரும்பாலும் பொருந்தும். 'பத்து வருடமாக அவரைத் தெரிந்து வருகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'பீன் நோயிங்' இல்லாதது போலவே. ஆனால் வெங்காயக் கண்ணீருக்கு இந்தக் குறுக்குவழி உதவாது, அங்கே 'நறுக்கி வருகிறேன்' பொருந்தாது.

மறைந்திருக்கும் செலவு. முதலில் தொனி. 'ஹூ ஹேஸ் பீன் ஈட்டிங் மை பிஸ்கட்ஸ்?' என்று கேட்டால் டப்பாவில் இன்னும் சில பிஸ்கட் இருக்கலாம், ஆனால் கேட்பவர் கோபத்தில் இருக்கிறார். யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. 'ஹூ ஹேஸ் ஈட்டன் மை பிஸ்கட்ஸ்?' என்றால் டப்பா காலி. அதேபோல 'ஐ ஹேவ் பீன் ட்ரையிங் டு ரீச் யூ' என்பதில் எத்தனை நேரமாக அலைய வைக்கிறீர்கள் என்ற சலிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலதிகாரிக்கு எழுதும்போது யோசித்து எழுதுங்கள்.

அடுத்தது, முடியவில்லை என்ற சாயல். 'ஷி ஹேஸ் லேர்ன்ட் டு டிரைவ்' என்றால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும். 'ஷி ஹேஸ் பீன் லேர்னிங் டு டிரைவ்' என்றால் பக்கத்தில் உட்கார எனக்குக் கொஞ்சம் பயம்.

கண நேரத்தில் முடியும் வினைகளோடு இது விபரீதமாகிவிடும். 'ஐ ஹேவ் கட் மை ஃபிங்கர்' என்றால் ஒரு பிளாஸ்திரி போதும். 'ஐ ஹேவ் பீன் கட்டிங் மை ஃபிங்கர்' என்றால் கேட்பவர் அலறுவார். இத்தகைய வினைகளில் 'பீன்' வந்தால் திரும்பத் திரும்ப நடக்கிறது என்ற பொருள் வந்துவிடும். அதுவே தேவையான இடமும் உண்டு: 'தி பஸ் ஹேஸ் பீன் கமிங் லேட் திஸ் வீக்', இந்த வாரம் முழுக்க பஸ் தாமதமாகத்தான் வருகிறது.

கடைசியாக, செயப்பாட்டு வினையில் இது அநேகமாக முடங்கிவிடும். இலக்கணப்படி 'ஹேஸ் பீன் பீயிங் பில்ட்' என்று உருவாக்கலாம், ஆனால் அரிதாகவே சொல்வார்கள். 'தே ஹேவ் பீன் பில்டிங் தி பிரிட்ஜ்' என்று ஆளைக் கொண்டுவருவார்கள், அல்லது 'அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சுற்றிப் போவார்கள். ஆங்கிலேயர்களுக்கே 'பீயிங்' ஒரு காலத்தில் தொண்டையில் சிக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீடு கட்டப்படுகிறது என்பதற்கு 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். 'இஸ் பீயிங் பில்ட்' பரவியபோது அதை அசிங்கம் என்று திட்டியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட இருந்தார்கள்.

இன்னொரு சிறிய தொல்லை: 'ஹேஸ் பீன்' பார்த்ததும் கன்டினியூவஸ் என்று நினைத்துவிடுவது. 'தி லெட்டர் ஹேஸ் பீன் ரிட்டன்' என்பது 'ஹேவ் டன்' குடும்பம்தான், செயப்பாட்டில் இருக்கிறது, அவ்வளவே. 'பீன்' அடுத்து ஐஎன்ஜி வந்தால் மட்டுமே இந்தப் பகுதிக்குள் வரும். காதால் கேட்கும்போது இன்னும் கஷ்டம். வேகமான பேச்சில் 'ஹேவ்' வெறும் 'வ்' ஆகவும், 'பீன்' குறுகி 'பின்' ஆகவும் ஒலிக்கும்: 'ஐவ் பின் ஒர்க்கிங்'.

யாருக்கு இது பொருத்தம்? தாமதத்துக்குக் காரணம் சொல்பவருக்கு, உழைப்பைக் காட்ட வேண்டியவருக்கு, சமீபத்திய பழக்கத்தைப் பேசுபவருக்கு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | ஹேவ் டன் | ஹேவ் பீன் டூயிங் |
|---|---|---|
| எத்தனை, எவ்வளவு | பொருந்தும் | பொருந்தாது |
| எவ்வளவு நேரமாக | நிலை வினைகளுக்கும் நிரந்தரமானவற்றுக்கும் | நீடிக்கும் செயல்களுக்கு இதுவே இயல்பு |
| முடிந்துவிட்டதா | ஆம் என்று தோன்றும் | சொல்லவில்லை. பெரும்பாலும் இல்லை என்று தோன்றும் |
| தெரியும், பிடிக்கும் போன்ற நிலை வினைகள் | பொருந்தும் | அநேகமாக முடியாது |
| உடைவது, வெட்டுவது போன்ற கண நேர வினைகள் | ஒரு முறை நடந்தது | திரும்பத் திரும்ப நடக்கிறது |
| செயப்பாட்டு வினை | எளிது | தவிர்ப்பார்கள் |
| தொனி | அறிக்கை, சாதனை | விளக்கம், சலிப்பு, சில நேரம் குற்றச்சாட்டு |
| மனப்பாடச் சுமை | வினையின் மூன்றாம் வடிவம் | ஐஎன்ஜி மட்டும் |

நிலை வினைகளில் 'அநேகமாக' என்று போட்டதற்குக் காரணம் உண்டு. 'ஐ ஹேவ் பீன் மீனிங் டு கால் யூ' (கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்), 'ஐ ஹேவ் பீன் வான்ட்டிங் டு ஆஸ்க் யூ' எல்லாம் சர்வ சாதாரணமாகச் சொல்லப்படுபவை. 'ஹேவிங்' கூட, சொந்தம் என்ற பொருளில்தான் ஆகாது. 'ஐ ஹேவ் பீன் ஹேவிங் ஹெட்ஏக்ஸ்' என்பது சரி.

## இரண்டும் சரி என்னும் இடம்

லிவ், ஒர்க், டீச், ஸ்டடி. இந்த நான்கோடு 'ஃபார்' அல்லது 'சின்ஸ்' வந்தால் எதைச் சொன்னாலும் பிழை இல்லை. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2015', 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2015' இரண்டுக்கும் பொருள் ஒன்றே. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீடு தேடுகிறவர் 'பீன் லிவிங்' பக்கம் கொஞ்சம் சாய்வார். அந்தத் தெருவிலேயே பேரன் எடுத்தவர் 'ஹேவ் லிவ்ட்' பக்கம் சாய்வார். 'ஆல்வேஸ்', 'ஆல் மை லைஃப்' வந்தால் 'ஹேவ் லிவ்ட்' எடுங்கள். மற்றபடி இந்த நான்கு வினைகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்க, பிரிட்டிஷ் வேறுபாடும் இந்தத் தேர்வை அதிகம் பாதிப்பதில்லை. 'டிட் யூ ஈட் யெட்?' என்று அமெரிக்கர் கேட்கும் இடத்தில் பிரிட்டிஷ்காரர் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பார். அது 'ஹேவ் டன்' வடிவத்துக்கும் சாதாரண இறந்த காலத்துக்கும் நடுவில் உள்ள தகராறு.

## சூழலை வைத்துத் தேர்ந்தெடுத்தால்

இன்டர்வியூ. இப்போது இருக்கும் வேலைக்கு 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' பாதுகாப்பானது; துபாய்க் குழப்பம் வராது. அடுத்த வாக்கியத்தில் சாதனைக்கு மாறுங்கள்: 'இன் தட் டைம் ஐ ஹேவ் ஹேண்டில்ட் ஃபோர் ப்ராஜெக்ட்ஸ்'. சாதனையை 'பீன் ஹேண்ட்லிங்' என்று சொன்னால் எதையுமே முடிக்காதவர் போல ஆகிவிடும். சொல்லப்போனால், எத்தனை வருடம் என்ற கேள்விக்கு ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் பெரும்பாலும் 'அபௌட் த்ரீ இயர்ஸ்' என்று வினையே இல்லாமல் முடித்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படிச் சொல்லலாம்.

அலுவலக மெயில். ரிப்போர்ட் எங்கே என்று கேட்கிறார் மேலாளர். முடிந்திருந்தால் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்'. முடியவில்லை என்றால் 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஆன் இட் சின்ஸ் மண்டே'. அதோடு எப்போது முடியும் என்று ஒரு தேதியும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் சாக்காகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் 'ஐ ஹேவ் ஒர்க்ட் ஆன் இட்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது வேலை முடிந்ததையும் சொல்வதில்லை, நடப்பதையும் சொல்வதில்லை. மேலாளர் மறுபடி மெயில் போடுவார்.

டாக்டரிடம். இங்கே இரண்டும் வேண்டும். 'ஐ ஹேவ் பீன் வாமிட்டிங் சின்ஸ் மார்னிங்' என்பது எப்போதிலிருந்து என்பதைச் சொல்கிறது. 'ஐ ஹேவ் வாமிட்டட் சிக்ஸ் டைம்ஸ்' என்பது எத்தனை முறை என்பதைச் சொல்கிறது. ஒன்றைச் சொன்னால் டாக்டர் அடுத்ததைக் கேட்பார்.

நேற்று, போன வாரம், 2019இல். இப்படி முடிந்துபோன நேரத்தைக் குறித்துச் சொன்னால் இரண்டுமே கிடையாது. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே', அவ்வளவுதான்.

## எதிர்மறையில் கவனம்

இல்லை என்று சொல்லும்போது தேர்வு பெரும்பாலும் எளிதாகிவிடும், ஏனென்றால் செய்யாத வேலைக்குப் பாடு கிடையாது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றால் 'ஐ ஹேவன்ட் ஈட்டன் சின்ஸ் மார்னிங்'. 'ஹேவன்ட் பீன் ஈட்டிங்' என்பது வேறு: சாப்பிடுகிறேன், ஆனால் சரியாக இல்லை. அதனால்தான் அது பெரும்பாலும் 'வெல்' அல்லது 'ப்ராப்பர்லி' என்ற துணையோடு வரும்: 'ஐ ஹேவன்ட் பீன் ஸ்லீப்பிங் வெல்'.

இங்கே ஒரே ஒரு பொறி இருக்கிறது, அதுவும் மேலே இரண்டும் சரி என்று சொன்ன அதே 'ஒர்க்' வினையில். பயோடேட்டாவில் மூன்று வருடம் என்று தவறாக அச்சாகியிருக்கிறது, உண்மையில் இரண்டுதான். அதைத் திருத்த நினைத்து 'ஐ ஹேவன்ட் ஒர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால், இந்த இடத்தை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது என்றுதான் எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். 'ஐ ஹேவன்ட் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ், ஒன்லி டூ' என்றால் மூன்று என்ற எண் மட்டும் அடிபடும், வேலை பத்திரமாக இருக்கும்.